கல்கூர்லி பேலஸ் ஹோட்டல் போனா மேலயும் கொஞ்சம் பாருங்க

பழைய கட்டடங்கள செக் பண்ணி ரிப்போர்ட் குடுக்கிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நான். மேற்கு ஆஸ்திரேலியால கல்கூர்லின்னு ஒரு தங்கச் சுரங்க ஊர் இருக்கு, அங்க ஹானன் தெருவும் மரிட்டானா தெருவும் சேர்ற முக்குல பேலஸ் ஹோட்டல் நிக்குது, 1897ல திறந்தது. டூர் போறவங்க எல்லாரும் உள்ள இருக்கிற அந்தப் பெரிய மரவேலைப்பாடு கண்ணாடி முன்னாடி நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. ஹெர்பர்ட் ஹூவர் குடுத்துட்டுப் போனதுன்னு ஊர்ல சொல்றாங்க, ஆமா, 1929ல அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே அவரேதான், அப்போ இருபதுகள்ல இருந்த சின்னப் பையன், லண்டன் கம்பெனிக்காக மைனிங் இன்ஜினியரா வந்தவர்.

கண்ணாடிய நல்லா பாருங்க, தப்பில்ல. ஆனா வெளிய வந்ததும் எதிர்ல, பக்கத்துலன்னு தெரு முழுக்க இருக்கிற அந்தக் காலத்துக் கட்டடங்கள அண்ணாந்து பாருங்கன்னுதான் நான் சொல்ல வரேன்.

1893 ஜூன்ல தங்கம் தேடி வந்த பேடி ஹானனும் அவர் கூட்டாளிங்களும் இந்த ஊர்ல தங்கம் கண்டுபிடிச்சாங்க. நாலே வருஷத்துல பேலஸ் மாதிரி ஹோட்டல் எழும்பிடுச்சு. இத்தனைக்கும் பெர்த் பக்கத்துல இருந்து 530 கிலோமீட்டர் பைப் போட்டு நல்ல தண்ணி வந்தது 1903லதான், அதுவரைக்கும் உப்புத் தண்ணிய காய்ச்சி வடிச்சு வித்தாங்க, அப்படிப்பட்ட ஊர்ல ஹோட்டல் கட்டினவங்க போட்டி போட்டு முகப்ப உசத்திக் கட்டினாங்க, தெருவுல இருந்து பாக்கிறப்ப பிரமாண்டமா தெரியணும்ல. கூரைக்கு மேல ஆளுயரத்துக்கு எழும்பி நிக்கிற அந்தக் கைப்பிடிச் சுவர், அதான் பேரபெட், முக்கால்வாசி இடத்துல எதையும் புடிச்சுக்கிட்டு நிக்காது. கம்பி கிடையாது, தன் வெயிட்ல நிக்குது அவ்வளவுதான்.

2010 ஏப்ரல் 20 காலைல அங்க ரிக்டர் 5 அளவுல ஒரு நிலநடுக்கம். ஒட்டியே இருக்கிற போல்டர்ங்கிற ஊர்ல பர்ட் தெரு ஹோட்டல்களும் கடைகளும்தான் ரொம்ப அடிபட்டது, பேரபெட்டும் புகைபோக்கியும் சரிஞ்சு செங்கல் எல்லாம் நடைபாதைல குவிஞ்சுது. உயிர்ச்சேதம் இல்ல. ஆனா 1989ல கிழக்கு ஆஸ்திரேலியால இருக்கிற நியூகாசில்ல 5.6 அளவு நிலநடுக்கம் வந்தப்போ செத்த 13 பேர்ல மூணு பேர் பியூமான்ட் தெருவுல, கடைக்கு வெளிய, மேல இருந்து விழுந்ததுல போனவங்க. பயத்துல வெளிய ஓடுறோம் பாருங்க, அந்த முதல் ரெண்டு மீட்டர்தான் ரொம்ப ஆபத்தான இடம், ஏன்னா ஆட்டம் உச்சியிலதான் ஜாஸ்தி, சுவர் சரியிறதும் பெரும்பாலும் தெருப்பக்கம்தான். அதனால ஆடும்போது உள்ளயே மேசைக்கு அடில புகுந்துக்கோங்க, நின்னதுக்கப்புறம் வெளிய வாங்க.

இந்த மாதிரி ஊர்ல பழைய ஹோட்டலோ மோட்டலோ லீசுக்கு எடுக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு. பெயின்ட், கார்ப்பெட், கிச்சன் எல்லாம் பாக்கிறீங்க, கூரை மேல யாருமே ஏற மாட்டேங்கிறீங்க. ஒரு இன்ஜினியர ஏத்தி விடுங்க. நான் ஏறினதும் முதல்ல செய்யறது, சாவிய எடுத்து ரெண்டு செங்கலுக்கு நடுவுல இருக்கிற சாந்த சுரண்டிப் பாக்கிறது. நல்ல சாந்துல கோடுதான் விழும். வயசான சுண்ணாம்புச் சாந்து பல இடத்துல சீனி மாதிரி பொலபொலன்னு கொட்டும், விரலே உள்ள போகும். அப்புறம் பின்பக்கம் வெடிப்பு இருக்கா, சுவர் தெருப்பக்கம் சாஞ்சிருக்கான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாப்பேன்.

சரி பண்றது பெரிய வித்தை இல்ல. சுவருக்குப் பின்னாடி ஸ்டீல் ஆங்கிள், அதாவது L வடிவ இரும்புச் சட்டம் ஓட்டி, ரெசின் பசை போட்டு போல்ட் இறக்கி, அங்க இருந்து கூரைச் சட்டத்துக்கு சாய்வா ஸ்ட்ரட், அதான் முட்டு, குடுத்துக் கட்டிடலாம், கூரைச் சட்டமும் சுவரோட கெட்டியா சேர்ந்திருக்கான்னு முதல்ல பாத்துக்கணும். தெருவுல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, முகப்பு அழகும் அப்படியே இருக்கும், ஹெரிட்டேஜ் லிஸ்ட்ல இருந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கோங்க. ஆனா தயவுசெஞ்சு உதிர்ற சாந்து மேல சிமென்ட் பூசி மூடிடாதீங்க. சிமென்ட் ஈரத்த உள்ளயே அடைச்சு வச்சு செங்கலையே அரிச்சிடும், வெளிய பளிச்சுன்னு இருக்கிறதால அடுத்து வர்ற இன்ஜினியருக்கும் ஒண்ணும் தெரியாது. சுண்ணாம்புச் சாந்துக்கு சுண்ணாம்புச் சாந்துதான் வைக்கணும், அந்த வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிற வரைக்கும் சுவருக்குக் கீழ நடைபாதைல தடுப்பு வச்சிடுங்க.