உதைக்கிற காலை விடுங்க, ஊண்டி நிக்கிற காலைப் பாருங்க

வெள்ளவத்தையில பின்னேர கராத்தே கிளாஸ் முடிஞ்சு பிள்ளையள் குந்தி எழும்பேக்க யாராவது ஒருத்தர்ட முழங்கால் 'டிக்' எண்டும், கூட்டிக்கொண்டு போக வந்த அம்மா உடனே பயந்திடுவா, இப்பவே இப்பிடியெண்டா அம்பது வயசில நடக்கேலுமோ எண்டு. வலியோ வீக்கமோ இல்லாட்டி அந்தச் சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்ல. பயப்பட வேண்டியது வேற இடத்தில.

ஸ்கூல் சயன்ஸ்ல கசியிழையம் எண்டு படிச்சிருப்பீங்க, எலும்பு முனைய மூடியிருக்கிற வழுக்கலான வெள்ளைப் படை, முழங்கால்ல சில மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும். அதுக்குள்ள இரத்தக் குழாய் ஒண்டுமே இல்ல. அப்ப சாப்பாடு எப்பிடிப் போகுது? ஸ்பொஞ்ச் மாதிரித்தான், கால ஊண்டேக்க தண்ணி பிழிஞ்சு வெளிய வரும், தூக்கேக்க மூட்டுத் திரவத்த உறிஞ்சும், சத்தும் அதோடயே உள்ள போகும். அதால அளவான ரெயினிங் மூட்டுக்கு நல்லது, சும்மா கிடந்தாத்தான் பட்டினி. 2019இல வந்த அமெரிக்க மூட்டு டொக்டர்மார்ட வழிகாட்டியில, முழங்கால் தேய்மானத்துக்கு தாய் சி எண்ட மெதுவான சீனப் பயிற்சியச் செய்யச் சொல்லி உறுதியாவே பரிந்துரைச்சிருக்கு, அதுவும் ஒரு தற்காப்புக் கலைதானே.

கரைச்சல் முறுக்குறதிலதான். மவாஷி கெரி, அதுதான் பக்கவாட்டால சுத்தி உதைக்கிற உதை, உதைக்கேக்க எல்லாரும் மேல போற காலத்தான் பாப்பம், ஆனா ஊண்டி நிக்கிற காலின்ட குதி எதிராளிப் பக்கம் திரும்போணும். வேர்த்த வெறுங்கால் தரையில ஒட்டிப் பிடிச்சா பாதம் அப்பிடியே நிக்கும், இடுப்பு சுத்தும், நடுவில முழங்கால் மாட்டுப்படும், மடிக்க நீட்டத்தான் அது நல்லாச் செய்யும், சுத்துறதுக்கு அதில இடம் கொஞ்சம்தான். மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற கசியிழையத் துண்டு) கிழியிறதும் ஏசிஎல் (முழங்கால் எலும்புகள இழுத்துப் பிடிக்கிற நடு நாண்) அறுகிறதும் இப்பிடித்தான். ஏசிஎல் அறுந்த ஆக்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 10, 20 வருஷத்தில மூட்டுத் தேய்மானம் வருது, ஒபரேஷன் செய்தாலும் அந்தப் பயம் முழுசாப் போகாது. கசியிழையத்துக்கு நரம்பும் இல்ல பாருங்க, தேயத் தொடங்கேக்க அதுக்கு வலிக்காது, பக்கத்து எலும்பும் சவ்வும் நோகத் தொடங்கேக்க நாள் கனக்கப் போயிருக்கும். அதால முழங்கால் வீங்கினா சுளுக்கு எண்டு எண்ணெய் தேச்சிட்டு அடுத்த கிளாஸுக்குப் போகாதீங்க, தயவுசெய்து காட்டுங்க.

காத்துல குத்தேக்க முழங்கைய முழுசா நீட்டி 'டக்' எண்டு லொக் பண்றதும் மூட்டுக்குக் கூடாது, கடைசியில கொஞ்சம் மடிச்சு வச்சாக் காணும்.

எங்கட கிளாஸ்ல ஒரு அண்ணா, சின்னாக்களுக்கு தரையில சோக்கால கோடு போட்டு, உதைச்சு முடிய குதி எந்தப் பக்கம் பாக்குது எண்டு மட்டும்தான் பாப்பார். உதை தலைக்கு மேல போனாலும் குதி திரும்பேல்லயெண்டா, "திரும்பச் செய்யுங்கோ தம்பி" எண்டுவார்.