ட்ரன்னியனில் கிரீஸ் அடிக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், லாரியில் ஏறி வந்து சேர்ந்தது. முன் சக்கரம் ஒன்று மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டான வெர்டிக்கல் லிங்க் அடிப்பக்கம், மரை தொடங்கும் இடத்தில், இரண்டாக முறிந்திருக்கிறது. முறிந்த முகத்தில் பெரும்பகுதி பழுப்புத் துரு, ஓரமாகக் கொஞ்சம்தான் புது இரும்பின் பளபளப்பு. விரிசல் விழுந்து நெடுநாள் ஆகியிருக்கிறது. மிச்சமிருந்த அந்த ஓரத்தை நம்பித்தான் கார் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. புது ஸ்பிரிங், பாலியூரித்தேன் புஷ், இறுக்கம் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர் என்று செலவுக்குக் குறைவில்லை. லிங்க்கின் அடிமுனை திருகி உட்காரும் ட்ரன்னியனைக் கழற்றினால் உள்ளே காய்ந்த சோப்புக்கட்டி போல கிரீஸ்.

உரிமையாளர்கள் சொல்வதும் மாறுவதில்லை: "வருஷா வருஷம் தவறாமல் கிரீஸ் அடிச்சேனே!" அடித்ததால்தான் உடைந்தது.

இது ஸ்பிட்ஃபயருக்கு மட்டுமான கதையல்ல. 1959-இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைத்தான் 1962 முதல் 1980 வரை வந்த எல்லா ஸ்பிட்ஃபயரும் சுமக்கின்றன. அதே ட்ரயம்ஃபின் விட்டெஸ், ஜிடி6 இரண்டிலும் அடிப்படை அதேதான். லோட்டஸ் எலான்கூட இந்த ட்ரயம்ஃப் வெர்டிக்கல் லிங்க்கை வாங்கித்தான் மாட்டியது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி கட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்தக் குடும்பமே. வீட்டில் ஒன்றைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

மேலே ஒரு பால் ஜாயிண்ட், கீழே ட்ரன்னியன். வெர்டிக்கல் லிங்க்கின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை நிறத்தில் இருக்கும் ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. காரின் முன்பாரம் அந்த மரை வழியாகத்தான் இறங்குகிறது.

இங்கே கிரீஸ் ஏன் ஆகாது? எத்தனை முறை சொன்னாலும் நம்பாதவர்களுக்காக நீட்டியே சொல்கிறேன். இந்த மரை முழுச் சுற்று சுற்றுவதில்லை. ஒரு லாக்கிலிருந்து (ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பி நிற்கும் நிலை) மறு லாக்குக்குக் கொஞ்சம் போய்க் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். பாரம் எப்போதும் மரையின் ஒரே பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பிதுங்கிப்போன கிரீஸ் திரும்பி வராது. அது ஓடும் பொருளே இல்லை. ஆயில் ஓடும். லிங்க்கின் முனைக்கும் ட்ரன்னியனின் அடி மூடிக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் ஒரு சின்ன ஆயில் தொட்டி. அங்கே தேங்கும் ஆயில் ஒவ்வொரு திருப்பத்திலும் மரைகளின் இடுக்கில் பரவும். கிரீஸ் அடித்தால் முதலில் அந்தத் தொட்டி அடைபடும். அதன் பிறகு நீங்கள் ஆயிலே விட்டாலும் மேலே ஏறாது. மரையின் மேல் முனை காய்ந்து கிடக்கும். மேல் சீல் வழியாக இறங்கும் மழைநீர் அங்கே தங்கும். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் அதோடு சேரும். துரு குழி பறிக்கும், குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு கட்டத்தில் மரை இறுகி, ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையெல்லாம் லிங்க்கை முறுக்கப் போய்விடும். அதனால்தான் இவை பெரும்பாலும் பார்க்கிங்கில், முழு லாக்கில், நடை வேகத்தில் உடைகின்றன. மெதுவாகப் போகும்போது உடைந்தால் அதிர்ஷ்டம். அதை நம்பி யாரும் வண்டி ஓட்டக்கூடாது.

"கிரீஸ் நிப்பிள் இருக்கிறதே, கிரீஸ்தானே அடிக்க வேண்டும்?" என்று கன் பொருத்தும் அந்தச் சின்ன முனையைக் காட்டிக் கேட்பார்கள். கம்பெனி மாட்டியது ஒரு சாதாரணத் திருகு மூடி. அதைக் கழற்றி, தற்காலிகமாக நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னில் ஹைபாய்டு (கியர்) ஆயில் நிரப்பி அடிக்கச் சொல்கிறது கைப்புத்தகம். பிறகு வந்தவர்கள் நிப்பிளை அப்படியே விட்டுவிட்டார்கள். நிப்பிளைப் பார்த்த கை கிரீஸ் கன்னைத் தேடியது.

ஊற்ற வேண்டியது இபி90 ரக கியர் ஆயில். சேர்க்கை ரசாயனம் அதிகமுள்ள ஜிஎல்-5 ரகம் பித்தளையை அரிக்கும் என்று அஞ்சுபவர்கள் ஜிஎல்-4 வாங்கிக்கொள்ளுங்கள்; சூடேறாத இடத்தில் இந்தச் சர்ச்சைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. எவ்வளவு அடிக்க வேண்டும்? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, மேல் சீலில் புது ஆயில் கசியும்வரை அடியுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு லாக்குக்கும் திருப்பி, மறுபடி அடியுங்கள். கன்னிலிருந்து ஆயில் ஒழுகும், தரை நாறும்; அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை கட்டாயம். நிறைய ஓட்டினால் 3,000 மைலுக்கு ஒரு முறை. கீழே சொட்டினால் அடி மூடி கசிகிறது என்று பொருள். ஆயில் தங்காத ட்ரன்னியனும் காய்ந்த ட்ரன்னியன்தான்.

எவ்வளவு அடித்தும் மேலே ஒரு சொட்டுகூட வரவில்லையா? உள்ளே பழைய கிரீஸ் அடைத்திருக்கிறது. பலம் கொடுத்து அடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், வராது. கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் ஆட்டம் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். வீல் பேரிங் ஆட்டம் அடங்கிவிடும், மிஞ்சுவது ட்ரன்னியனுடையதோ பால் ஜாயிண்ட்டுடையதோ. சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் மரை ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பு. அதை வெளியே எடுக்க மேலே சுற்றியுள்ள மூன்று சின்ன நட்டுகளையும் அடி போல்ட்டையும் மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். அழுந்திய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரே நட்டு. கழன்றால் பற்களோடு போய்விடும். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமென்றால் தொகுப்பை வெளியே எடுத்து, நல்ல கம்ப்ரஸர் போட்டு, அதன் பிறகு நடு நட்டு. கம்ப்ரஸர் இல்லாதவர் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

காலிப்பரைக் கழற்றினால் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கீழ் விஷ்போனை (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கவட்டைக் கை) சேஸியில் பிடிக்கும் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் தகட்டு ஷிம்கள் இருக்கும். கேம்பரையும் காஸ்டரையும், அதாவது சக்கரமும் அது திரும்பும் அச்சும் சாயும் கோணங்களை, தீர்மானிப்பவை அவை. எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிவைத்து, தனித்தனி உறையில் போடுங்கள். "நாலு ஷிம் மிச்சம் ஆயிடுச்சு" என்று போன் செய்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ட்ரன்னியன் போல்ட் அநேகமாக உள்ளே இருக்கும் எஃகுக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்து விஷ்போனை வளைக்காமல் ரம்பம் போட்டு அறுத்துவிடுங்கள். போல்ட், குழாய், நைலான் புஷ், வாஷர், சீல் எல்லாம் புதுசாக ஒரே கிட்டில் கிடைக்கிறது. திரும்பப் பூட்டும்போது போல்ட் தண்டில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். இந்த வேலையில் கிரீஸுக்கு உரிய இடம் அதுதான்.

லிங்க்கை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, மரையின் மேல் முனையில் இருக்கும் பள்ளத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். சிவப்புச் சாய டெஸ்ட் கிட் விலை மலிவு. சாயம் விட்டுத் துடைத்து வெள்ளைப் பவுடர் தெளித்தால் விரிசல் கோடாகத் தெரியும். காந்தத் துகள் சோதனை செய்து தரும் எஞ்சின் பட்டறை அருகில் இருந்தால் இன்னும் நல்லது. துருக் குழி இருந்தால் லிங்க் குப்பைக்கு. பழைய லிங்க்கில் புது ட்ரன்னியன் மட்டும் மாட்டி "ஆட்டம் போயிடுச்சு" என்று திருப்திப்படுபவர்கள்தான் அடுத்த லாரி வாடிக்கையாளர்கள்.

ட்ரன்னியனுக்கு இடம் வலம் உண்டு. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. சேராத ஜோடியைப் பலவந்தமாகத் திருகினால் இரண்டும் பாழ். சரியானதை ஆயில் தடவி அடிவரை திருகி, அங்கிருந்து ஒரு சுற்றுக்கு மிகாமல் பின்னால் எடுத்து நேராக நிறுத்துங்கள். இரண்டு லாக்குக்கும் திருப்பிப் பார்க்கும்போது அடியில் முட்டக்கூடாது. முட்டினால் ஸ்டியரிங்கே லிங்க்கை உடைக்கும் நெம்புகோல் ஆகிவிடும்.

முன் வீல் பேரிங்கை நவீனக் கார் பழக்கத்தில் இறுக்கி விடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே 5 பவுண்டு-அடிக்கு, அதாவது ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கி, நட்டை ஒரு முகம் அளவு தளர்த்தி, புது ஸ்பிளிட் பின். துளி ஆட்டம் கைக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும்.

ரப்பர் புஷ் போட்டவர்கள் விஷ்போன் போல்ட்டுகளைக் கார் ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில், ஒவ்வொரு சீட்டிலும் 68 கிலோ எடை, காரை முன்னும் பின்னும் உருட்டி அடங்கவிட்ட பிறகுதான் இறுதி இறுக்கு. இல்லையென்றால் புஷ் பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும்.

இனி நீங்கள் ஆசையோடு கேட்கும் அப்கிரேடு. என் வரிசையில் முதலில் வருவது ஸ்டியரிங் ராக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) ரப்பர் மவுண்டுகளை மாற்றுவது. ஆயிலில் ஊறிப்போன ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியக் கட்டை மாட்டினால் காசுக்கு மேல் பலன் தெரியும். அடுத்தது ஷாக் அப்சார்பர். அட்ஜஸ்டபிள் வாங்கி, குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு "ரேஸ் கார் மாதிரி இருக்கு" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள். மிகத் தளர்ந்த நிலையில் தொடங்கி இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். பாலியூரித்தேன் விஷ்போனுக்குச் சரி. ட்ரன்னியனே இல்லாமல் பேரிங்கோடு வரும் மாற்றுக் கிட்டுகளும் உண்டு. வசதி இருந்தால் போடலாம். அவற்றுக்கும் தனிப் பராமரிப்பு உண்டு, "மாட்டினால் மறந்துவிடலாம்" என்பது விளம்பரம்.

பின்பக்கம் கொஞ்சம் கவனம். இது ஸ்விங் ஆக்சில்: டிஃபரன்ஷியலை மையமாக வைத்து ஒவ்வொரு பின் சக்கரமும் தன் அச்சோடு ஊசலாடும். டிஃபரன்ஷியலுக்கு மேல் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடங்கும். முதல் மூன்று மார்க்குகளின் (ஸ்பிட்ஃபயரின் தலைமுறைகள்) இந்தக் குணத்தைக் குறைக்கத்தான் 1970-இல் மார்க் 4-க்கு ஸ்விங் ஸ்பிரிங் வந்தது: ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலில் இறுக்கிவிட்டு, மற்றவற்றை ஊசலாட விட்டார்கள். பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பு அதனால் குறைந்துபோனதை ஈடுகட்ட, முன் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) 11/16 அங்குலத்திலிருந்து 7/8 ஆக்கினார்கள். பழைய காரில் ஸ்விங் ஸ்பிரிங் மாட்டிவிட்டு முன் ஆன்டி-ரோல் பாரை அப்படியே விடுபவர்களே, பாதி மாற்றம் செய்த கார் வளைவில் படகாகச் சாயும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பின் ஷாக் அப்சார்பர் நீளத்தையும் பாருங்கள். சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்குத் தடுப்பு அதுதான். அளவு பார்க்காமல் நீளமானதை மாட்டினால் சக்கரம் இன்னும் அதிகமாக மடங்க நீங்களே வழிவிடுகிறீர்கள். பின் ஹப்பைச் சரியான புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் ஃபிளாஞ்ச் வளையும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி எனப்படும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எல்லா ஸ்பிட்ஃபயரும் இன்று அந்த வயதைத் தாண்டியவை. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு தரமாவது ஒருவர் அடியில் படுத்து நெம்பிப் பார்த்தார். இப்போது அந்தக் கண்ணும் போய்விட்டது. தயவுசெய்து விருப்பச் சோதனையாகவாவது வருடம் ஒரு முறை செய்துகொள்ளுங்கள். போகும்போது, கீழ் ட்ரன்னியனைத் தனியாகக் கடப்பாரை போட்டுப் பார்க்கும்படி சோதிப்பவரிடம் கேளுங்கள். இளவயதுக்காரர் என்றால் அது எங்கே இருக்கிறது என்று குனிந்து காட்டுங்கள். வீடு திரும்பியதும் ஆயிலுக்கென்று தனியாக ஒரு கன் வாங்கி, அதன் மேல் "ட்ரன்னியன், இபி90" என்று பெயின்ட்டில் எழுதுங்கள்.