வளையத்தைக் கழற்றினால் சுவை ஏன் மாறுகிறது?

துபாயில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்கள் சிலரும் சுருட்டுப் பிரியர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒருவர் எல்லாச் சுருட்டுகளிலும் உள்ள காகித வளையத்தைக் கழற்றிவிட்டு எண் ஒட்டிக் கொடுப்பார். மற்றவர்கள் எது எந்த பிராண்டு என்று தெரியாமல் புகைத்து, குறிப்பெழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைப் பிரிப்பார்கள். போன சுற்றில் வாசகர் கடைசி இடம் கொடுத்தது, பல வருடங்களாக அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கியூபா சுருட்டுக்கு. முதலிடம் கொடுத்தது நிகரகுவாவில் செய்த, பாதி விலைகூட இல்லாத ஒன்றுக்கு. “என் நாக்கு கெட்டுவிட்டதா சார், இல்லை இத்தனை வருடமும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேனா?” என்று கேட்கிறார்.

இரண்டுமே இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்று: சுருட்டு சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற நம்பிக்கை தவறு. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவு புகையிலை இருக்கக்கூடும். புகையை உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருகிறது. இந்தக் கட்டுரையைப் படித்து யாரும் புதிதாகப் பற்றவைக்க வேண்டாம். நான் சொல்லப்போகும் சோதனையைக் காப்பியிலும் தேநீரிலும் மாம்பழத்திலும் அப்படியே செய்யலாம்.

சுருட்டுப் புகையை ஏன் உள்ளே இழுப்பதில்லை? சிகரெட்டுக்கான வர்ஜீனியா புகையிலையைச் சூடான அறையில் வேகமாக உலர்த்துவார்கள். சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும், அதனால் புகை அமிலத்தன்மையோடு இருக்கும். சுருட்டு இலையைக் காற்றில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். அதற்குள் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு இலைகளைக் குவித்து நொதிக்கவிடுவார்கள். குவியல் தானாகவே சூடேறி, அம்மோனியா வெளியேறும். இப்படிப் பக்குவப்பட்ட இலையின் புகை காரத்தன்மை கொண்டது. காரச் சூழலில் நிக்கோட்டின் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும், வாயின் உட்சவ்வு வழியாகவே ரத்தத்தில் கலக்கும். நுரையீரல்வரை போகவேண்டிய தேவையே இல்லை. ஆகவே புகை வாயிலேயே நின்று சுழல்கிறது. சுவைப்பதற்கு இதைவிடத் தோதான நிலை வேறில்லை.

ஆனால் சுவைப்பது யார்? நாக்கு என்று நினைக்கிறோம். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு ஏலக்காய் விதையை மெல்லுங்கள். லேசான உறைப்பு, குளிர்ச்சி, அவ்வளவுதான் தெரியும். விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அந்தக் கணத்தில் வாய் முழுக்க ஏலக்காய் வந்து நிறையும்! நாக்கில் எதுவும் மாறவில்லை. வாயிலிருந்த ஆவி அண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் வழியாக மேலேறி மூக்கின் உச்சியைத் தொட்டிருக்கிறது.

நமக்கு இரண்டு முகரும் வழிகள் உண்டு. பூவை முகரும்போது காற்று முன்வாசலால் நுழைகிறது. உண்ணும்போதும் குடிக்கும்போதும் மணம் தொண்டைப் பக்கமிருந்து, பின்வாசலால் ஏறுகிறது. ஏறும் இடம் ஒன்றே, தொடும் நரம்பணுக்களும் அவையே. ஆனாலும் முன்வாசலில் வந்ததை ‘மணம்’ என்று மூக்கின் கணக்கிலும், பின்வாசலில் வந்ததை ‘ருசி’ என்று வாயின் கணக்கிலும் மூளை எழுதிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1982இல் இந்த இரட்டைத் தன்மையை எடுத்துக்காட்டினார். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம் இது. மூக்கில் நடக்கும் ஒன்றை நாக்கில் நடப்பதாக உணர்கிறோம். அப்படி இல்லை என்று தெரிந்த பிறகும் அப்படியே உணர்கிறோம்!

தேர்ந்த சுருட்டுப் பிரியர்கள் இந்தப் பின்வாசலை வேண்டுமென்றே திறக்கிறார்கள். வாயிலிருக்கும் புகையில் கொஞ்சத்தை நுரையீரலுக்கு விடாமல் மூக்கு வழியாக மெல்ல வெளியேற்றுவார்கள். இதற்கு ‘ரெட்ரோஹேல்’ என்று பெயர். அவர்கள் குறிப்பேட்டில் எழுதும் காப்பி, கோகோ, தேவதாரு, தோல், மண் எல்லாம் அந்த ஓரிரு விநாடிகளில்தான் பிடிபடுகின்றன.

அவை வெறும் கற்பனையும் இல்லை. சுருட்டில் யாரும் காப்பித்தூளைக் கலப்பதில்லை. ஆனால் காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிந்து உண்டாகும் பைரசீன் என்ற சேர்மங்கள், புகையிலை எரியும்போதும் உண்டாகின்றன. விறகடுப்பு வாசனை தரும் குவாயகால், இலையிலுள்ள லிக்னின் சிதைந்து வருவது. மூக்கைக் குத்தும் ‘மிளகு’ மட்டும் வேறு கதை. அது ருசியும் இல்லை, மணமும் இல்லை. முகத்தின் எரிச்சலையும் வலியையும் சொல்லும் முப்பிரிவு நரம்பை நிக்கோட்டினும் அம்மோனியாவும் சீண்டுவதன் விளைவு.

மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை முகர் ஏற்பிகள் உள்ளன. அவற்றுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குப் பதில் சொல்லும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறப்பதுபோல, இந்த ஏற்பிகளின் சேர்க்கையிலிருந்து எண்ணிலடங்கா மணங்கள் பிறக்கின்றன. சுருட்டுப் புகையிலோ ஆயிரக்கணக்கான சேர்மங்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது மூளைக்குக் கிடைப்பது தெளிவில்லாத ஒரு கலவை. ‘எங்கேயோ முகர்ந்திருக்கிறேன், என்னவென்று சொல்ல வரவில்லை’ என்று நாம் எத்தனை முறை திணறியிருப்போம்! மணத்துக்குப் பெயர் சொல்வதில் மனிதர்கள் பொதுவாகவே தடுமாறுகிறார்கள்.

இந்தத் திணறலுக்குள்தான் காகித வளையம் நுழைகிறது. மூளை சும்மா காத்திருப்பதில்லை. கண் பார்த்ததையும் காது கேட்டதையும் பழைய நினைவையும் சேர்த்து, வரப்போவது என்ன என்று முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கிறது. மூக்கிலிருந்து வரும் செய்தி மங்கலாக இருக்க இருக்க, ஊகத்தின் கை ஓங்குகிறது.

எட்மண்ட் ரோல்ஸ் உள்ளிட்ட ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாலாடைக்கட்டியிலும் வியர்வையிலும் காணப்படும் ஐசோவலெரிக் அமிலத்தை, கொஞ்சம் பாலாடைக்கட்டி மணத்தோடு சேர்த்து முகரக் கொடுத்தார்கள். திரையில் ‘செடார் பாலாடைக்கட்டி’ என்ற சொல் தெரிந்தபோது அது இனிதாக இருந்தது. அதே மணத்தோடு ‘உடல் நாற்றம்’ என்ற சொல் தெரிந்தபோது பிடிக்கவில்லை. கண்குழிக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் புறணியில் இயக்கமும் அதற்கேற்ப மாறியது.

2008இல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் கலிஃபோர்னியாவில் செய்தது இன்னும் நேரடியானது. ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியபோது அதிகம் பிடித்தது என்றார்கள். இன்பத்தைப் பதிவுசெய்யும் அந்த நெற்றிப் பகுதியும் அதிகம் இயங்கியது. முக்கியமானது அடுத்த செய்தி. நாக்கின் செய்தியை முதலில் வாங்கும் பகுதிகளில் எந்த மாற்றமும் தென்படவில்லை.

வாசகரின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. அவர் நாக்கு நாக்காகத்தான் வேலை செய்கிறது. வளையத்தோடு புகைத்த நாட்களில் அவர் உணர்ந்த இன்பமும் பொய்யில்லை. மூளையில் உண்மையாகவே நிகழ்ந்தது. அதில் இலை ஒரு பங்கு, வளையம் ஒரு பங்கு. வளையத்தைக் கழற்றியபோது இலையின் பங்கு மட்டும் மிஞ்சியது.

கியூபா விஷயத்தில் வளையத்தின் பங்கு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா மீது வணிகத் தடை விதித்தார். அதற்கு முந்தைய மாலை தனக்காகச் சுமார் ஆயிரம் கியூபா சுருட்டுகளை வாங்கிவரச் சொன்னார் என்று அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். கிடைக்காத பொருளுக்கு ஏறும் மவுசு அறுபது ஆண்டுகளாக இறங்கவே இல்லை. இதற்கிடையில் கியூபாவை விட்டு வெளியேறிய சுருட்டுக் குடும்பங்கள் டொமினிகன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் நிகரகுவாவிலும் கியூபா விதைவழிப் புகையிலையைப் பயிரிட்டன. மாண்டெகிறிஸ்டோ, பார்தகாஸ், கோஹிபா போன்ற பெயர்கள் இன்று கியூபாவிலும் உண்டு, டொமினிகனிலும் உண்டு, தயாரிப்பவர்கள் வேறு. மூளைக்கு ஊகம் செய்ய இவ்வளவு தீனி கிடைக்கும்போது நல்ல மதிப்பெண் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இதன் மறுபக்கத்தை ஆஸ்திரேலியா காட்டியது. 2012 டிசம்பரிலிருந்து அங்கே புகையிலைப் பொருட்கள் எல்லாம் ஒரே மங்கிய பழுப்பு உறைக்குள் போயின. சுருட்டின் வளையத்துக்கும் அதே நிறம். விக்டோரியா மாநிலத்தில் புகைப்பவர்களை விசாரித்தபோது, புதிய உறையில் வாங்கியவர்கள் தரம் குறைந்துவிட்டது, முன்புபோல் நிறைவு இல்லை என்றார்கள். பொது நலனுக்காக இந்த மூளை இயல்பைப் பயன்படுத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது. இந்தியாவும் செய்ய வேண்டும்.

இனி, நண்பர்கள் நடத்தும் சோதனைக்கு வருகிறேன். வளையத்தைக் கழற்றுவது தொடக்கம்தான். கழற்றியவரே கையில் கொடுத்தால் அவர் முகம் காட்டிக்கொடுக்கும். 1904இல் பெர்லினில், கூட்டல் கணக்குப் போட்டு விடையைக் காலால் தட்டிச் சொல்வதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரையை ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் மட்டுமே குதிரைக்கும் தெரிந்தது. அவருடைய தலையசைவைப் பார்த்துத்தான் அது காலைத் தட்டியிருக்கிறது. ஆகவே எண் ஒட்டுபவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் என்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே சுருட்டை வேறு வேறு எண்ணில் ஒளித்து வைக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மாநில ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் இதைச் செய்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தபோது, ஏறத்தாழ ஒத்த மதிப்பெண் போட்ட நடுவர்கள் பத்தில் ஒருவர்தான். அவர்கள் அத்தனை பேரும் துறையில் ஊறியவர்கள்! கையால் சுற்றும் சுருட்டில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு சுருட்டுகளே ஒன்றுபோல இழுபடுவதில்லை. அதிலும் ஒரே சுருட்டின் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் வேறு வேறு. புகை கடந்துபோகும் இலை வடிகட்டிபோலச் செயல்பட்டுத் தாரையும் நிக்கோட்டினையும் பிடித்துவைக்கிறது; நெருப்பு நெருங்கும்போது அவை மீண்டும் வெளிவருகின்றன. ஒரு பெயரில் ஒன்றை மட்டும் புகைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, அதிர்ஷ்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று சுருட்டில் இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகும். ஐந்து சுற்றில் மூன்றைச் சரியாகச் சொன்னேன் என்று ஒருவர் பெருமைப்பட்டால், குத்துமதிப்பாகச் சொல்பவருக்கும் அந்த அளவோ அதற்கு மேலோ கிட்ட 21 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்தும் சரியென்றால் வாய்ப்பு 243இல் ஒன்று, அப்போது நம்பலாம். தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா பிறகு ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்குப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை வைத்ததும் இப்படி ஒரு கணக்கோடுதான். பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிறகு ஊற்றிய நான்கையும் அதிர்ஷ்டத்தால் சரியாகப் பிரிக்க வாய்ப்பு 70இல் ஒன்று.

பெயரை மறைத்துச் சோதிக்கும் வழக்கம் சுவைப்பவர்களிடமிருந்து வரவில்லை. 1784இல் பாரிஸில், ‘காந்த சக்தியால்’ நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரின் முறையை ஆராய, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அடங்கிய குழுவை அரசர் நியமித்தார். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குச் சக்தி ஏற்றினார். கண்ணைக் கட்டிய பன்னிரண்டு வயதுப் பையனை மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அது சக்தி ஏற்றிய மரமே அல்ல.

உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரை நம்பி, லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டும் விவசாயிகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அவர் கண்ணைக் கட்டி, அவர் முதலில் காட்டிய இடத்தையே மறுபடி காட்டச் சொன்னால் ஒரே காலையில் விடை தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒரு துண்டுத் துணி. நம் ஆய்வு நிதி கோடிக்கணக்கான ரூபாய்க் கருவிகளுக்கு எளிதில் கிடைக்கிறது. இத்தகைய மலிவான, கச்சிதமான சோதனைகளை மாவட்டம்தோறும் நடத்தக் கேட்டால் கிடைப்பதில்லை. பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு இதைப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துபாய் நண்பருக்கு: அந்தக் கியூபா சுருட்டைக் கைவிட்டுவிடாதீர்கள், அதை ஆராயுங்கள். ஒரே பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து, பாதியை வளையத்தோடும் பாதியை எண்ணோடும் வெவ்வேறு மாதங்களில் மதிப்பிடுங்கள். எண்ணிட்டவற்றை வேறு பிராண்டுகளுக்கு நடுவே கலந்துவிடச் சொல்லுங்கள். மதிப்பெண் போடுமுன் ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. ஒருவர் ‘கோகோ’ என்று சொல்லிவிட்டால் மேசை முழுவதும் கோகோ மணக்கத் தொடங்கிவிடும். இரண்டு சராசரிகளுக்கும் இடையிலான வித்தியாசம்தான் வளையத்தின் பங்கு. அது உங்கள் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும், ஆகவே பெயர்வாரியாகத் தனித்தனியே எழுதி வையுங்கள்.