பாலஸ்தீனத்தின் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று அடுத்தடுத்துப் பல நாடுகள் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தன. இந்தியா 1988-லேயே அங்கீகரித்துவிட்டது. சரி, அந்த நாடு எதைக் குடித்து வாழும்? எல்லை, ஜெருசலேம், அகதிகள் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி அமுங்கிப்போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பாலஸ்தீனத்துக்கு மேற்குக் கரை, காசா என்று இரண்டு பகுதிகள். மேற்குக் கரையின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர். மழை குளிர்காலத்தில்தான். பாறை சுண்ணாம்புக்கல்லும் அதைப் போன்ற டோலமைட்டும். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது என்பதால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும். மலையின் மேற்குப் பக்கத்தில் பாறை அடுக்குகள் மேற்கே சரிந்திருக்கின்றன. மொட்டை மாடித் தண்ணீர் வாட்டம் பார்த்து ஓடுவதுபோல, இந்த நீரும் பூமிக்கடியில் மத்தியதரைக் கடல் பக்கம் நகர்கிறது. அது வெளிவரும் பெரிய ஊற்றுகளான யார்கோனும் தனினிமும் இஸ்ரேலுக்குள் இருக்கின்றன. மழை பெரும்பாலும் பாலஸ்தீன மலையில். ஊற்று அந்தப் பக்கம்.

அந்த நீரை 1967-க்கு முன்பிருந்தே பயன்படுத்திவருவதை இஸ்ரேல் தன் உரிமையாகச் சொல்கிறது. 1967-இல் மேற்குக் கரையைக் கைப்பற்றியபின், புதுக் கிணறு தோண்ட ராணுவ அனுமதி கட்டாயமானது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1995 ஒப்பந்தம், மேற்கே ஓடும் இந்த நிலத்தடிப் படுகையின் ஆண்டு நீரை 36.2 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டது. அதில் இஸ்ரேலுக்கு 34 கோடி, பாலஸ்தீனர்களுக்கு 2.2 கோடி. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடாக வந்த அந்தப் பங்கீடுதான் இன்றும் தொடர்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காசாவின் சிக்கல் வேறு. கடலோர மண்ணுக்கடியில் நன்னீர், எடை கூடிய உப்புநீரின்மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் கிடைக்கும். அந்த ஒரு மீட்டர் இறங்கினால் உப்பு 40 மீட்டர் மேலேறும். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தக் குறுகிய நிலத்தில் அடைபட்டு, ஊறும் அளவைப்போலப் பல மடங்கு இறைத்தார்கள், வேறு வழியில்லை. கழிவுநீரும் கலந்தது. 2023 போருக்கு முன்பே அங்கே நிலத்தடி நீரில் 95 சதவீதத்துக்கு மேல் குடிக்க லாயக்கற்றது என்று ஐ.நா. சொல்லியிருந்தது.

ஒரு நல்ல மாற்றமும் உண்டு. இஸ்ரேல் இன்று வீட்டுத் தேவைக்கான நீரில் பெரும்பகுதியைக் கடலிலிருந்து சுத்திகரித்து எடுக்கிறது. மலைநீரை விட்டுக்கொடுக்க அதனால் இப்போது முடியும். காசாவிலும் அப்படி ஆலைகள் ஓடலாம். ஆனால் மின்சாரமும் உதிரிபாகமும் தடையின்றி உள்ளே வர வேண்டும். மேற்குக் கரையோ மத்தியதரைக் கடலைத் தொடவே இல்லை. 1995 பங்கீட்டை மாற்றாமல் அங்கே தனி நாடு அமைந்தால், தன் மலையில் கிணறு தோண்டக்கூட அது பக்கத்து நாட்டின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.