ஸ்டோமா பையோடு மலையேறப் போகிறவர்களுக்கு

"சிஸ்டர், மலையேற்றமெல்லாம் இனி முடிந்த கதைதானே?"

அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள், கழிவு வெளியேறுவதற்காக வயிற்றில் அமைத்த திறப்பான, சிவந்து தெரிந்த ஸ்டோமாவைப் பார்க்க மனமில்லாமல் சுவரைப் பார்த்தபடி ஒருவர் கேட்டார். முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ஆண்டுதோறும் காட்டுக்குப் போய்வருகிறவர். ஸ்டோமா செவிலியரான எனக்கு இது பழகிய கேள்வி. முடியவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

இன்று நாம் பயன்படுத்தும் ஒட்டும் பையே வெளியில் நடமாடுவதற்காகப் பிறந்ததுதான். கசிவுக்குப் பயந்து வெளியே வரத் தயங்கிய தன் சகோதரிக்காக, 1954-இல் டென்மார்க் செவிலியர் எலிசே சோரன்சென் அதைச் சிந்தித்து உருவாக்கினார். 2010-இல் கனடாவின் ராப் ஹில் ஸ்டோமா பையோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார்.

பயணத்துக்கு முன் எல்லோரும் என்னிடம் கேட்பது கசிவைப் பற்றித்தான். நான் பயப்படுவதோ உப்பைப் பற்றி. குறிப்பாக இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றில் திறந்துவிட்ட ஸ்டோமா உள்ளவர்களுக்கு. சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சும் நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. அந்த வேலை நின்றுவிட்டதால் இரண்டும் பைக்குள் வெளியேறிவிடுகின்றன. ஏறி நடக்கும்போது வியர்வையிலும் உப்பு போகிறது. தாகத்தில் வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால், பை வேகமாக நிறைகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகலாம். அந்தத் தண்ணீர் குடலில் தங்காமல் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள் மாற்றுப் பைகளுக்கு இணையான அவசியம். பொட்டலத்தில் குறிப்பிட்டிருக்கும் அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பருக வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் இரண்டு நாள் நடைக்கு ஏழு பைகள் எடுத்துப்போனார். ஆனால், பை நிறையக்கூடாது என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டார், காலை உணவையும் விட்டுவிட்டார். முதல் நாள் மாலையே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எழுந்து நின்றால் தலைசுற்றல். சிறுநீர் கொஞ்சமாக, அடர்மஞ்சளாகப் போனது. ஏழு பைகளில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. இப்படித் தண்ணீரைக் குறைப்பதைப் பலர் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. பை நிறைந்தால் காலிசெய்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே செய்துவிட்டால் கனத்தில் தொங்கிப் பிரியாது.

கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலைத் திறந்துவிட்ட ஸ்டோமா உள்ளவர்களுக்குப் பெருங்குடலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதற்கேற்ப இந்தக் கவலை குறையும். யூரோஸ்டமி, அதாவது சிறுநீர் வெளியேறும் ஸ்டோமா உள்ளவர்கள் நிறையக் குடிக்க வேண்டும். கூடாரத்தில் இரவுச் சேகரிப்புப் பையை உடலைவிடத் தாழ்வான இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது பாரம். ஸ்டோமாவைச் சுற்றியுள்ள வயிற்றுச் சுவர் பலவீனமான இடம். அங்கே ஹெர்னியா எளிதில் வரும். எப்போது, எத்தனை கிலோ தூக்கலாம் என்பதை உங்கள் அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், உங்கள் ஆர்வம் அல்ல. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை ஸ்டோமாவின் மீதே அழுந்தினால் வெளியேற்றம் கீழே இறங்காமல், பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தகட்டுக்கு அடியில் புகுந்துவிடும். ஸ்டோமாவுக்கு வலி தெரியாது என்பதால், பட்டை உரசிக் காயமானாலும் உணரமாட்டீர்கள். பட்டையை மேலேயோ கீழேயோ நகர்த்திக் கட்டிப் பாருங்கள். முழுச் சுமையோடு ஒரு பகல் நடந்து, குனிந்து, உட்கார்ந்து, வழியிலேயே ஒருமுறை பையை மாற்றியும் பார்த்த பிறகு நீண்ட பயணத்துக்குத் தேதி குறியுங்கள்.

மாற்றுப் பைகள் வழக்கமான தேவையைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், இரண்டு இடங்களில் பிரித்து வைத்து. ஒரு மூட்டை ஆற்றில் போனாலும் மற்றொன்று இருக்கும். தகடுகளை வீட்டிலேயே அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் ஒட்டுப்பசை இளகும், வியர்வையில் பிடிப்பு விடும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். குளிரில் பசை பிடிக்காது. ஒட்டுவதற்கு முன் தகட்டை அக்குளில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றுங்கள். உயரம் ஏற ஏற காற்றழுத்தம் குறைந்து பை உப்பும். அது பழுதல்ல, காற்றை வெளியேற்றினால் போதும்.

கழிவைக் காலிசெய்ய நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். பயன்படுத்திய பை மட்கிப்போகாது, மண்ணில் புதைக்கவே கூடாது. இரட்டை உறையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கொட்டைகள், உலர்பழங்கள், காளான் போன்றவற்றை நன்றாக மென்று, அளவாகச் சாப்பிடுங்கள். இலியோஸ்டமியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் எதுவுமே வெளியேறாமல் வயிறு முறுக்கி வலித்தால், வாந்தியும் வந்தால், அது அடைப்பாக இருக்கலாம். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவ உதவியைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் உங்களால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். ஆகவே, உடன் வருகிறவர்களில் ஒருவருக்காவது உங்களுக்கு ஸ்டோமா இருப்பதையும், இந்த அறிகுறிகளையும், ஓஆர்எஸ் எந்தப் பையறையில் இருக்கிறது என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.