ட்ரோனில் டவர் கட்டிப் பறக்கவிடலாமா? விதிகள் சொல்வது இதுதான்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது மின்சாரத்தோடு செல்போன் சிக்னலும் போனது. டவர் சாயாமல் நின்றாலும், பேட்டரி இறங்கி ஜெனரேட்டரில் டீசலும் தீர்ந்துவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பம்தான். அந்த மாதிரி நேரத்தில் ஒரு ட்ரோனில் குட்டி டவரைக் கட்டி ஊருக்கு மேலே நிறுத்தினால் என்ன?

வெளிநாடுகளில் நிறுத்தியிருக்கிறார்கள். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்த பிறகு ஏடி அண்ட் டி நிறுவனம் கயிற்று ட்ரோன் ஒன்றை அங்கே ஏற்றியது. 200 அடி உயரம் வரை நின்று, சுமார் 40 சதுர மைல் பரப்புக்கு சிக்னல் தரக்கூடியது அது. கயிறு என்றால் மின்சாரக் கம்பி. சாதாரண ட்ரோன் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. கம்பி வழியே கீழிருந்து மின்சாரம் போனால்தான் நாள் முழுக்க நிற்கும். அந்த ட்ரோன் 55 பவுண்டு எடை வரம்பைத் தாண்டியதால், அமெரிக்க விமானத் துறை அதற்குத் தனி விலக்கு தர வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதற்கு இரண்டு பூட்டு. ஒன்று வானத்துக்கு, இன்னொன்று அலைக்கற்றைக்கு.

வானத்துப் பூட்டு, 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். ரேடியோ கருவியையும் கம்பியையும் தூக்கும் ட்ரோன் எப்படியும் 2 கிலோவைத் தாண்டும். 2 முதல் 25 கிலோ வரை ‘சிறிய’ வகை, 25 முதல் 150 கிலோ வரை ‘நடுத்தர’ வகை. எதுவானாலும் தனி அடையாள எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும், ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறிய, 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி எடுத்து வாங்கலாம், பத்தாண்டுகள் செல்லும்.

அப்புறம் உயரம். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகச் சுருங்கும். இன்னும் கிட்டே போனால் அனுமதியில்லாமல் தரையை விட்டே எழும்பக் கூடாது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய வேளச்சேரியை நினைத்துப் பாருங்கள். மீனம்பாக்கம் ஓடுதளம் அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். ட்ரோன் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் வானமும் இறுக்கமாக இருக்கிறது. மீட்பு ஹெலிகாப்டர்கள் சுற்றினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி அந்தப் பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத பகுதியாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை.

120 மீட்டர் போதுமா என்றால், பெரும்பாலும் போதும். மேலே போகப் போக மரமும் கட்டடமும் மறைக்காது, உண்மைதான். ஆனால் உங்கள் போனும் திரும்பப் பேச வேண்டுமே! 4ஜி-யில் அது அனுப்பும் சக்தி சாதாரணமாக அதிகபட்சம் 0.2 வாட்தான். ட்ரோன் தூரமானால் போன் திணறும், பேட்டரியும் கரையும். ஆகவே எவ்வளவு உயரம் என்பதைவிட எந்த இடம் என்பதுதான் பெரிய கணக்கு: நிவாரண முகாம் எங்கே, கம்பியோடு வரும் வேன் எதுவரை போகும், ட்ரோனை நெட்வொர்க்கோடு இணைக்கும் மூலச் சிக்னலை அங்கிருந்து செயற்கைக்கோள் வழியே வாங்குவதா, மிச்சமிருக்கும் டவரிலிருந்து வாங்குவதா. சாலையே இல்லாத ஊருக்குக் கயிற்று ட்ரோன் உதவாது.

இரண்டாவது பூட்டு கடுமையானது. மொபைல் அலைக்கற்றை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே. ட்ரோனும் பைலட் சான்றிதழும் கையில் இருக்கிறது என்று ஊர் இளைஞர்கள் தாங்களாகவே டவர் ஏற்ற முடியாது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023 தொலைத்தொடர்புச் சட்டம். நல்லெண்ணத்தில் செய்தாலும் சட்டம் ஒன்றுதான்.

சரி, புயல் வந்தால் நமக்குக் கையில் கிடைப்பது என்ன? ட்ரோனை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ‘வட்டத்துக்குள் ரோமிங்’ (இன்ட்ரா சர்க்கிள் ரோமிங்) என்று ஒன்று இருக்கிறது; வட்டம் என்றால் இங்கே தாலுகா அல்ல, தொலைத்தொடர்பு வட்டம். உங்கள் நிறுவனத்தின் டவர் விழுந்து பக்கத்து நிறுவனத்தின் டவர் வேலை செய்தால், அதிலேயே பேசலாம். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தில் தொலைத்தொடர்புத் துறை இதைத் திறந்துவிட்டது. இது எப்போதும் திறந்திருக்காது. பேரிடர் நேரத்தில் அறிவிப்பு வந்தால்தான். போன் தானாக மாறவில்லையென்றால் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ‘தானாகத் தேர்ந்தெடு’ என்பதை அணைத்து, பட்டியலில் தெரியும் மற்ற நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

அதுவும் திறக்கவில்லை, திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று காட்டுகிறதா? அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவரின் டவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 112-க்கு அடிக்கலாம். புயல் போன பிறகு அந்தத் ‘தானாகத் தேர்ந்தெடு’ பொத்தானை மறக்காமல் மறுபடி போட்டுவிடுங்கள்.