கழிமுகம் இருக்கப் பொங்குமுகம் எதற்கு?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் மெய்ப்பு, திருத்துவதற்காக என் கைக்கு வந்தது. கரையோர மீன்களைப் பற்றிய நூல். இரண்டாம் பக்கத்திலேயே 'பொங்குமுக மீன்கள் உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கவல்லவை' என்று ஒரு வரி. பக்கத்தில் இருந்த மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, மீனுக்கு மூஞ்சி வீங்கிப்போச்சா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆறு கடலோடு கலக்கும் நீர்ப்பரப்பை ஆங்கிலத்தில் எஸ்சுவரி என்கிறார்களே, அதற்குத்தான் இந்தப் பெயர். கழிமுகம் என்று நான் சொல்வதும் அதைத்தான். வேர் லத்தீன்: ஏஸ்டுஸ் என்றால் கொதிப்பு, பொங்கல், கடலோதம் (கடல்நீர் ஏறி வற்றுவது). பொங்குமுகம் என்று ஆக்கியவர் மனத்தில் இந்த வேர் இருந்திருக்கலாம். முதலில் 'ஓதப் பொங்குமுகம்' என்று பாடப்புத்தகத்தில் வந்தது. நர்மதையும் தபதியும் டெல்டா அமைக்காமல் ஓதப் பொங்குமுகம் அமைக்கின்றன என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு ஓதம் உதிர்ந்துபோய், பொங்கின முகம் மட்டும் மிஞ்சியது.

சரி, அந்த இரண்டு ஆறுகளுக்கு அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். அவை போய்ச் சேரும் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே கடல் பொங்குகிறது என்றால் மிகையில்லை. தமிழகக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் நாள் முழுக்க நின்றாலும் எதுவும் பொங்காது. தண்ணீர் மெல்ல ஏறும், மெல்ல வற்றும். ஐப்பசி கார்த்திகையில் பொங்கி வருவது ஆறுதான், கடல் இல்லை. அப்போது முகம்வரை கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். சித்திரை வைகாசியில் கடல் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதில் முக்கியம் ஓதம் இல்லை, கலப்பு. கடலியலாளர் டொனால்ட் பிரிச்சர்ட் 1967-இல் தந்த வரையறையைத்தான் இன்றும் பலர் எடுத்தாளுகிறார்கள்: கடலோடு தடையற்ற தொடர்புள்ள, பாதி அடைபட்ட கரையோர நீர்ப்பரப்பு, அதற்குள் கடல்நீர் நிலத்திலிருந்து வரும் நன்னீரால் அளவிடத்தக்க அளவுக்கு நீர்த்துப்போயிருக்க வேண்டும். அதில் பொங்குதல் எங்கே வருகிறது?

மீன்களைக் கேட்டாலும் இதையே சொல்லும். மடவை கடலில் முட்டையிடுகிறது; அதன் குஞ்சுகள் நகத்தளவில், ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிக்குள் நுழைந்து வளர்கின்றன. கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, இனம்பெருக்க முகத்தை நோக்கி இறங்குகிறது. ஆணாகத் தொடங்கிச் சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறுவது அதன் வழக்கம். உப்பு நீரில் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ்: தண்ணீர் தானே உள்ளே புகும், குடிக்கத் தேவையில்லை, சிறுநீர்தான் ஏராளம். ஒரே மீன் இந்த இரண்டு வேலைக்கும் மாறி மாறித் தயாராவது இந்தக் கலப்பு நீரில்தான். இதையெல்லாம் அந்த நூலாசிரியர் அழகாகவே விளக்கியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரும் 'குஞ்சுகளின் நாற்றங்கால்' என்று எழுதிய இடத்தில் மனதுக்குள் கை தட்டினேன். அதே கைதான் கொடுவாவைக் 'கடல் பாஸ்' என்றும், மடவையை 'மல்லெட்' என்றும் எழுதியது. சந்தைக்குப் போய் மல்லெட் என்ன விலை என்று கேட்டுப் பார்க்கட்டும்.

பரங்கிப்பேட்டையில் ஒருமுறை வீச்சுவலைக்காரர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். வலையில் மூன்று கிழங்கான், ஒரு கைப்பிடி மடவைக் குஞ்சு. குஞ்சுகளைத் தண்ணீரில் உதறிவிட்டுக் கையை நீட்டினார்: "அந்தா அலை உடையுதுல்ல, அது முகத்துவாரம். இங்கேர்ந்து பாலம் வரைக்கும் கழி. அதுக்கு மேல ஆறுங்க." மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கழி பழைய சொல். நெய்தல் பாட்டுகளில் 'இருங்கழி' திரும்பத் திரும்ப வரும். கழிச் சுறா தாக்கிக் காலில் புண்பட்ட அத்திரிகூட (கோவேறு கழுதை) அகநானூற்றில் இருக்கிறது. கழி என்று மட்டும் எழுதினால் கோல், மிகுதி, கணக்கில் கழித்தல் எல்லாம் குறுக்கே வரும். முகம் சேர்ந்து கழிமுகம் ஆனால் குழப்பம் தீரும். கழிவு நினைவுக்கு வருகிறது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கூவத்தை வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முகத்துவாரம் நல்ல வழக்குச் சொல்தான். பழவேற்காட்டில் மணல் அடைக்கும்போதெல்லாம் செய்தியில் அடிபடுவது அதுதான். ஆனால் அது வாயை மட்டும் குறிக்கிறது. வாய்க்குள் உள்ள பரப்பைக் குறிக்காது. குமரிப் பக்கத்துப் பொழிமுகமும் அப்படியே. அகராதியிலிருந்து கயவாயைத் தூக்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். படிப்பவர் கயவனின் வாய் என்று நினைத்தால் யார் பொறுப்பு?

உண்மையான சிக்கல் வேறு. கழிமுகத்தைச் சிலர் டெல்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'காவிரிக் கழிமுக மாவட்டங்கள்' என்று தஞ்சாவூரை எழுதுகிறார்கள். தஞ்சாவூர் நகரத்தில் கழி ஏது, உப்புத் தண்ணீர் ஏது? டெல்டா என்பது வண்டல் படிந்த நிலம். கழிமுகம் என்பது நீர். நிலத்துக்கு நீரின் பெயரைக் கொடுத்துவிட்டு, நீருக்குப் பெயரில்லையே என்று புதிதாகச் செய்ததுதான் பொங்குமுகமோ என்பது என் சந்தேகம். தஞ்சை விவசாயியே டெல்டா என்றுதான் சொல்கிறார். தனித்தமிழ்க்காரர்கள் என்னை அடிக்க வரலாம். அது டெல்டாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மெய்ப்பில் பொங்குமுகம் வந்த இடமெல்லாம் அடித்துக் கழிமுகம் என்று திருத்தி அனுப்பினேன். உள்ளே எல்லாம் மாறிவிட்டது. அட்டை மட்டும் அதற்கு முன்பே அச்சாகிவிட்டதாம். கொட்டை எழுத்தில் 'பொங்குமுக மீன்கள்'. கீழே, கன்னம் உப்பிய ஒரு பேத்தை மீன் படம்.